கத்துகிறவர்களும் கணக்குப் பார்ப்பவர்களும்

கேள்வி: அணி தோற்றதும் கேமரா முன்னால் நின்று கத்துகிறவர்களை 'ரசிகர் ஊடகம்' என்று கொண்டாடுகிறார்கள். தொழில் கற்ற விளையாட்டு நிருபர்கள் இருக்கும்போது இந்தக் கால்பந்து வெறியர்கள் எதற்கு?

பதில்: தொழில் கற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று முதலில் பார்த்துவிடலாம். 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தில் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேர் உயிரிழந்தார்கள். நான்கே நாளில் 'தி சன்' நாளிதழ் முதல் பக்கத்தில் 'உண்மை' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, அடிபட்டுக் கிடந்தவர்களின் பையிலிருந்து ரசிகர்களே திருடினார்கள் என்று எழுதியது. சுத்தப் பொய். ரசிகர்கள் மீது தவறில்லை என்று விசாரணை ஜூரிகள் தீர்ப்புச் சொல்ல 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் செய்தியை எழுதியவர்கள் எல்லோரும் மாதச் சம்பளம் வாங்கிய நிருபர்கள்தான்.

அதற்கு முன்பும் நிலைமை ஒன்றும் வாழவில்லை. 1985 மே மாதம் பிராட்ஃபோர்டு மைதானத் தீயில் 56 பேர் மாண்ட சில நாட்களில், ஒரு பெரிய ஞாயிறு பத்திரிகை கால்பந்தையும் அதைப் பார்க்க வருகிறவர்களையும் இழிவாகப் பேசித் தலையங்கம் எழுதியது. ரசிகன் என்றாலே ரவுடி என்பதுதான் அன்றைய பத்திரிகைக்காரர்கள் பலரின் எண்ணம். ஆகவே ரசிகர்கள் தாங்களே எழுத ஆரம்பித்தார்கள். பிராட்ஃபோர்டு ரசிகர்களின் 'தி சிட்டி ஜென்ட்' 1984இல் வந்தது, எல்லா அணிக்கும் பொதுவான 'வென் சாட்டர்டே கம்ஸ்' 1986இல். மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்களுக்காக 1989இல் 'யுனைடெட் வீ ஸ்டாண்ட்' தொடங்கிய ஆண்டி மிட்டனுக்கு அப்போது வயது 15! தட்டச்சு செய்து, நகலெடுத்து, பின் அடித்து, ஆட்ட நாளில் மைதான வாசலில் நின்று விற்ற இதழ்கள் இவை. மைதானத்துக்கு வருகிறவர்கள் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று பிரதமர் தாட்சரின் அரசு சட்டம் கொண்டுவந்தபோது, இந்த இதழ்கள் விடாமல் எதிர்த்தன. ஹில்ஸ்பரோ நெரிசலை விசாரித்த நீதிபதி டெய்லரின் 1990 அறிக்கைக்குப் பிறகு அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

சரி, கத்தலுக்கு வருவோம். ராபி லைல் என்ற ரசிகர் 2012இல் லண்டன் கிளப்பான ஆர்சனலின் மைதானத்துக்கு வெளியே ரசிகர்களிடம் மைக்கை நீட்டினார். இன்று ஏஎஃப்டிவி என்று உலகமே அறிந்த சேனல் அது. ஆட்டக் காட்சிகள் கோடிக்கணக்கில் பணம் கட்டி உரிமை வாங்கிய தொலைக்காட்சிகளுக்குச் சொந்தம். கோல் விழுகிற காட்சியைக்கூட ரசிகர் சேனல் எடுத்துப் போட முடியாது. அப்புறம் அவர்களிடம் காட்ட என்ன இருக்கிறது? ரசிகனின் முகம் மட்டும்தான். அந்த முகம் நிதானமாக இருந்தால் யாரும் பார்ப்பதில்லை, சிவந்தால் லட்சம் பேர் பார்க்கிறார்கள். நீங்களும் அதைத்தான் பார்த்திருக்கிறீர்கள் என்று உங்கள் கேள்வியே சொல்கிறது.

கத்தாதவர்கள் உங்கள் கண்ணில் படவில்லை. ஆட்ட வியூகங்களை அலசி 2010இல் 'ஸோனல் மார்க்கிங்' என்ற வலைப்பதிவை எழுத ஆரம்பித்தார் மைக்கேல் காக்ஸ்; பிறகு பெரிய ஊடகங்களே அவரைத் தேடி வந்தன. 'ஸ்விஸ் ராம்பிள்' என்ற பெயரில் எழுதுபவர் கிளப்புகளின் ஆண்டுக் கணக்கறிக்கைகளை வரி வரியாகப் பிரித்து மேய்கிறார். கடன் எவ்வளவு, சம்பளத்துக்குப் போவது எவ்வளவு என்று அவர் போடும் கணக்கைச் சில நிருபர்களே எடுத்துக் கையாள்கிறார்கள். (பெயர் போட்டு நன்றி சொல்கிறார்களா என்பது வேறு விஷயம்.)

இப்போது காட்சியும் இவர்கள் கைக்கு வர ஆரம்பித்திருக்கிறது. பிரேசிலில் காசிமிரோ என்ற இளைஞரின் காஸே டிவி 2022 உலகக் கோப்பை ஆட்டங்களை யூடியூபில் நேரலையாகக் காட்டியது. 2025இல் ஜெர்மனியின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான பண்டஸ்லிகா, பிரிட்டனில் தன் வெள்ளி இரவு ஆட்டங்களைக் காட்டும் உரிமையை மார்க் கோல்ட்பிரிட்ஜின் சேனலுக்கும் கொடுத்தது. தன் அணியான மான்செஸ்டர் யுனைடெட் தோற்றால் கோபத்தில் எகிறிக் குதித்தே பெயர் வாங்கியவர் அவர். என் கவலை அங்கேதான் தொடங்குகிறது. உரிமை கொடுத்த லீக் நாளை ரசிகர்களுக்குப் பாதகமாக ஒரு முடிவெடுத்தால், அதே சேனலில் அதைப் பற்றி வாய் திறப்பாரா? உங்கள் கேள்வியை இப்படிக் கேட்டிருந்தால் நானும் உங்கள் கட்சிதான்.