ஒரு நுரையீரலை முழுவதும் எடுத்துவிட்டால் உயிர் வாழ முடியுமா?

முடியும். புற்றுநோய்க்காக அப்பாவின் இடது நுரையீரலையே எடுக்க வேண்டும் என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அச்சம் புரிகிறது. 1933-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர், ஜேம்ஸ் கில்மோர் என்ற மருத்துவரின் இடது நுரையீரலை ஒரே அறுவையில் அகற்றினார். கில்மோர் அதன்பின் ஏறக்குறைய 30 ஆண்டுகள் வாழ்ந்தார்.

எடுத்த இடம் வெற்றாகக் கிடக்காது. மெல்ல நீர் நிரம்பும். இதயம் சற்று அந்தப் பக்கம் நகரும். மிஞ்சிய நுரையீரல் விரிந்துகொடுக்கும். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கலாம். எவ்வளவு என்பது மிஞ்சியதன் நலத்தைப் பொறுத்தது, அதனால்தான் முன்கூட்டியே குழாயில் ஊதச் சொல்லிச் சோதிக்கிறார்கள். அந்தச் சோதனை முடிவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நுரையீரல் மடல்கள் எனப்படும் பகுதிகளாகப் பிரிந்திருக்கும்: வலப்பக்கம் 3 மடல்கள், இடப்பக்கம் 2. கட்டி ஒரு மடலுக்குள் அடங்கினால் பெரும்பாலும் அதை மட்டுமே எடுப்பார்கள். அப்பாவுக்கு அது ஏன் போதாது என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

அப்பா புகைப்பவர் என்றால் இன்றே நிறுத்தட்டும். நெடுங்காலம் புகைத்த கிரஹாம், 1957-இல் நுரையீரல் புற்றுநோயால்தான் இறந்தார். அவர் காப்பாற்றிய கில்மோர் அப்போதும் உயிரோடு இருந்தார்.