சிவப்பணு பெரிதாக இருப்பது நல்லதா?

கேள்வி: எனக்கு வயது 54. சைவ உணவுதான். சர்க்கரைக்குப் பல வருடங்களாக மெட்ஃபார்மின் எடுக்கிறேன். ஓயாத அசதி, உள்ளங்காலில் மதமதப்பு. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.9, எம்.சி.வி. 116. சிவப்பணுக்கள் பெரிதாக இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். அணு பெரிதாக இருந்தால் நல்லதுதானே? இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லையே, ஏன்?
- வாசகி, மன்னார்குடி

பதில்: அணு பெரிதுதான் அம்மா, எண்ணிக்கை குறைந்துவிட்டதே! எம்.சி.வி. என்பது ஒரு சிவப்பணுவின் சராசரிக் கொள்ளளவு. பெரியவர்களுக்கு 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர் வரை இருக்கலாம்.

நம் உடலில் செல் நினைத்த நேரத்தில் பிரிந்துவிடாது. வளர்ந்து, டி.என்.ஏ.வை இரட்டித்து, அப்புறம்தான் இரண்டாகும். வளர்வது ஒரு வேலை, டி.என்.ஏ. இரட்டிப்பது வேறு வேலை. பி12, ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின்கள் குறைந்தால் இரண்டாவது வேலைதான் படுத்துக்கொள்ளும். புரதம் தயாராவது நிற்காது. ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையில் இருக்கும் இளம் செல், பிரிய முடியாமல் பருத்துக்கொண்டே போகும். அவற்றில் பல மஜ்ஜைக்குள்ளேயே அழிந்துவிடும். தப்பி வருபவை உருவில் பெரியவை, எண்ணிக்கையில் சொற்பம்.

இரும்புச்சத்துக் குறைவில் நடப்பது இதற்கு நேர்மாறு. உள்ளே போதிய ஹீமோகுளோபின் சேர்ந்ததும் இளம் சிவப்பணு பிரிவதை நிறுத்திக்கொள்ளும். இரும்பு இல்லாவிட்டால் அது சேரத் தாமதமாகும். அதற்குள் கூடுதலாக ஒருமுறை பிரிந்து சிறுத்துவிடும் என்பதே வழக்கமான விளக்கம். உங்கள் 116ஐப் பார்த்திருந்தால் இரும்பு மாத்திரையை யாரும் முதலில் தந்திருக்க மாட்டார்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கினீர்களோ?

என் சந்தேகம் பி12 மேல்தான். காய்கறி, பருப்பில் அது கிடையாது. பால், தயிரில் ஓரளவு உண்டு. மெட்ஃபார்மின் அதையும் குடல் உறிஞ்சவிடாமல் குறைக்கும். கால் மதமதப்பைச் சர்க்கரையின் கணக்கில் மட்டும் எழுதிவிட வேண்டாம். பி12, ஃபோலிக் அமிலம், தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகளோடு ரத்தத்தை நுண்ணோக்கியிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் நீங்களாகத் தொடங்காதீர்கள். ரத்தம் ஏறிவிடும், பி12 இல்லாமல் நரம்பு கெடுவது உள்ளே தொடரும். மெட்ஃபார்மினையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

பி12 குறைவு உறுதியானால் ஊசி போடுவார்கள். ஒரு வாரத்திலேயே புதிய சிவப்பணுக்கள் பெருகும். ஹீமோகுளோபின் சரியான அளவுக்கு வர இரண்டு மாதம்போல ஆகும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் பழைய பெரிய அணுக்கள் கழிந்து எம்.சி.வி. இறங்க இன்னும் கொஞ்சம் பிடிக்கும். நரம்பு தேறத்தான் மாதக்கணக்காகும். நாள்பட்ட பாதிப்பு முழுதாகத் திரும்பாமலும் போகலாம்; ஆகவே இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.