செவ்வாய்க்கு வெயில் காட்டும் வேலைக்கு மகள் ஆசைப்படுகிறாள்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

செவ்வாய்க் கோளைச் சூடாக்கும் கண்ணாடியைப் பராமரிக்கத்தான் போவேன் என்று பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகள் பிடிவாதமாகச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு வேலை உண்டா, உண்டென்றால் வருடக்கணக்கில் அவள் எப்படித் தனியாக இருப்பாள் என்பது உங்கள் கவலை. இன்றைய தேதியில் அந்த வேலை உலகில் எங்கும் இல்லை. ஆனாலும் அவளைக் கனவு காண்கிறாள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவள் சொல்வது கணக்குப் போட்டுப் பார்க்கப்பட்ட ஒரு யோசனை.

ராபர்ட் சுப்ரின், கிறிஸ் மெக்கே என்ற இரு அமெரிக்கர்கள் 1993-இல் அந்தக் கணக்கைப் போட்டார்கள். செவ்வாயிலிருந்து 2,14,000 கி.மீ. தள்ளி, 125 கி.மீ. ஆரமுள்ள ஒரு கண்ணாடியை நிறுத்த வேண்டும். அது தென்துருவத்தின் மேல் வெயிலைத் திருப்பினால் அங்கே வெப்பநிலை 5 டிகிரி உயரும். உறைந்து கிடக்கும் கார்பன் டை ஆக்சைடு ஆவியாகத் தொடங்கி, போர்வை போல வெப்பத்தைப் பிடித்துவைத்துக் கோளைச் சூடாக்கும். கண்ணாடி என்றாலும் அது மெல்லிய அலுமினியப் படலம்தான். அப்படியும் எடை 2 லட்சம் டன் வருகிறது. அது செவ்வாயைச் சுற்றி வராது. வெயில் ஒரு பக்கம் தள்ள, செவ்வாய் மறுபக்கம் இழுக்க, இரண்டும் சமமாகும் இடத்தில் அப்படியே நிற்கும். அந்தச் சமநிலை குலையாமல் பார்த்துக்கொள்வதுதான் கண்ணாடியைப் பராமரிப்பவரின் வேலையாக இருக்கும்.

அதே 1993 பிப்ரவரியில் ரஷ்யர்கள் சிறிய அளவில் ஒன்றைச் செய்தே காட்டினார்கள். மிர் விண்வெளி நிலையத்துக்குச் சென்றிருந்த புரோகிரஸ் சரக்குக் கலத்தின் முனையில் 20 மீட்டர் அகலப் படலத்தை விரித்தார்கள், பெயர் ஸ்னாம்யா. சுமார் 5 கி.மீ. அகலமான ஒளிவட்டம் ஒன்று இரவில் ஐரோப்பாவின் மேல் ஓடி மறைந்தது. 1999-இல் இன்னும் பெரிதாக ஒன்றை விரிக்க முயன்றபோது, கலத்தின் ஆன்டெனாவில் படலம் சிக்கிக் கிழிந்தது. ஆன்டெனா அந்த நேரத்தில் நீண்டிருக்கவே கூடாது. இந்தத் துறையில் சேரும் பிள்ளை முதல் நாளே படிக்க வேண்டிய பாடம் இது என்பேன்.

வெயில் தள்ளும் என்பது நம் நாட்டுப் பொறியாளர்களுக்குப் பழகிப்போன விஷயம். இன்சாட்-1ஏ செயற்கைக்கோளுக்கு ஒரு பக்கம் மட்டுமே சூரியத் தகடு. மறுபக்கம் வெயிலின் தள்ளலை ஈடுகட்ட, பாய்மரம் போல ஒரு சிறு பாய் வைத்திருந்தார்கள். 1982-இல் அந்தப் பாய் விரியவில்லை. சில மாதங்களில் எரிபொருள் தீர்ந்து செயற்கைக்கோளே கைவிட்டுப் போனது. இன்றும் நம் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள் இடம் பிசகாமல் நிற்க, கர்நாடகத்தின் ஹாசனில் இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையம் ஷிப்ட் போட்டு இரவு பகலாக இயங்குகிறது. அவர்கள் வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகிறார்கள். விண்வெளியில் இருக்கும் பொருளைப் பராமரிப்பவர் பெரும்பாலும் தரையில்தான் இருக்கிறார். உங்கள் பயத்தில் பாதி இதிலேயே குறைய வேண்டும்.

இனி படிப்பு. திருவனந்தபுரம் ஐஐஎஸ்டி-யில் (இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம்) ஏரோஸ்பேஸ், ஏவியானிக்ஸ் (விண்கல மின்னணுவியல்) இரண்டும் உண்டு. ஜேஇஇ அட்வான்ஸ்டு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அது கைகூடாவிட்டால் கதவு அடைபட்டதாக நினைக்காதீர்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்ஐடி-யில் ஏரோநாட்டிகல் இருக்கிறது, தமிழ்நாடு பொறியியல் கவுன்சிலிங் வழியே போகலாம். இஸ்ரோ பொறியாளர்களை எடுக்கும்போது பெருவாரியான இடங்கள் மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்குத்தான். ஆகவே பெயரில் ஏரோஸ்பேஸ் இருக்கிறது என்பதற்காக மட்டும் கடன் வாங்கி ஏதோ ஒரு கல்லூரியில் லட்சக்கணக்கில் கட்டாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். நல்ல அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கல் எடுத்து, கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தை ஆழமாகப் படித்தால் கண்ணாடிக்குத் தேவையான அடித்தளம் வந்துவிடும். ஜப்பானின் இகாரோஸ் விண்கலம் 2010-இல் 14 மீட்டர் சதுரப் பாயை விரித்து, வெயிலின் தள்ளலிலேயே வேகம் கூட்டியது. பாயின் விளிம்பில் இருந்த திரவப் படிகத் தகடுகளின் பிரதிபலிப்பை மாற்றியே பக்கம் திரும்பியது. அது எப்படி வேலை செய்தது என்று உங்களுக்கு அவள் விளக்கிச் சொல்லட்டும். சொல்லும்போது முகம் மலர்கிறதா என்று கவனியுங்கள்.

ஏன் கவனிக்கச் சொல்கிறேன் என்றால், இங்கே இரண்டு ஆசைகள் கலந்திருக்கலாம். ஒன்று கண்ணாடி. மற்றொன்று தனிமை. ஆள் கூட்டம், மார்க் ஒப்பீடு, சொந்தக்காரர்களின் விசாரிப்பு எல்லாவற்றிலிருந்தும் எட்டிப் போய்விட வேண்டும் என்று பதினாறு வயதுப் பெண் நினைப்பது சாதாரணம். அதற்கு செவ்வாய் தேவையில்லை. வீட்டில் அவளுக்குக் கொஞ்சம் அமைதியான இடமும் நேரமும் போதும். அதைத் திட்டாமல், பொறுமையாகப் பேசிக் கண்டுபிடியுங்கள். அவள் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், தோழிகளையும் விட்டு விலகியிருந்தால் கேரியர் பேச்சை ஒத்திவைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

உண்மையிலேயே தனிமையைத் தாங்கும் குணம் அவளிடம் இருந்தால் அதற்கும் வேலை உண்டு. அண்டார்டிகாவில் நமக்கு மைத்ரி, பாரதி என்று இரண்டு நிலையங்கள். குளிர்காலம் முழுக்க அங்கே தங்கும் குழுவில் விஞ்ஞானிகளோடு டாக்டர், மெக்கானிக், எலெக்ட்ரீஷியன், சமையல்காரர் எல்லாரும் இருக்கிறார்கள். கோவாவில் உள்ள தேசிய துருவ, கடல் ஆராய்ச்சி மையம்தான் ஆள் எடுக்கிறது. உடலோடு மனதையும் சோதித்த பிறகே அனுப்புகிறார்கள். மாஸ்கோவில் 2010-11-இல் ஆறு பேரை 520 நாள் ஓர் அடைத்த கூடத்துக்குள் வைத்து, செவ்வாய்ப் பயணம் போலவே நடத்திப் பார்த்தார்கள். சிலருக்குத் தூக்கத்தின் ஒழுங்கே குலைந்தது. யாரை அனுப்பலாம், யாரை அனுப்பக் கூடாது என்பதை இப்படித்தான் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மகளையும் யாரும் சோதிக்காமல் தனியே அனுப்பிவிடப் போவதில்லை.

இப்போதைக்கு இயற்பியலும் கணிதமும் கைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரையாண்டு விடைத்தாள் வந்ததும் அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். கல்லூரிப் பட்டியலை அவளோடு உட்கார்ந்து போடுகிறேன்.