உப்புக் குறையவில்லையென்றால் தொட்டியைக் குத்திப் பாருங்கள்

மட்டக்களப்பு கல்லடியில் கிணற்றுத் தண்ணீருக்குப் பூட்டிய சாஃப்ட்னரில் (தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் கருவி) 2 மாதமாக உப்புக் குறையவேயில்லை, கேத்திலில் திரும்பவும் வெள்ளை படிகிறது என்கிறீர்கள், ரெசினை (கடினத்தன்மையைப் பிடிக்கிற உள்ளே இருக்கும் சிறு மணிகள்) மாற்றச் சொல்லி யாரும் காசு கேட்டால் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அநேகமாக மேலே உப்பு இறுகிப் பாலம் போலக் கட்டியிருக்கும், அடியில் வெறும் தண்ணீர்தான், நம்ம கடற்கரை ஈரக்காற்றுக்கு இது வழமை. தும்புத்தடிக் கட்டையால் மெல்லக் குத்துங்கள், பொத்தென்று விழும். எனக்கு விழுந்த கட்டி தாச்சி அளவு! ஓங்கிக் குத்தினால் தொட்டி கீறிவிடும், கவனம். அப்புறம் கையால் ஒருமுறை ரீஜெனரேஷன் (உப்புத் தண்ணீரால் ரெசினைக் கழுவிப் புதுப்பிப்பது) ஓடவிடுங்கள், இனிமேல் உப்பைப் பாதித் தொட்டிக்கு மேல் போடவேண்டாம். மற்றது, வாவிப் பக்கத்து உவர் ருசி சாஃப்ட்னரால் போகாது, இது கல்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தைத்தான் விடும், உவருக்கு ஆர்.ஓ. (உப்பையும் பிரிக்கும் சவ்வு வடிகட்டி) வேண்டும்.