கடைசியில் சாப்பிடுகிறவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். திருச்சியிலிருந்து எழுதுகிறேன், பெயர் போட வேண்டாம். வயது 38, உயரம் 156 செ.மீ., எடை 79 கிலோ. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை இறங்கவே இல்லை. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1 என்று வந்தது. டாக்டர் மாத்திரை எதுவும் எழுதவில்லை. "எடையைக் குறைங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். எப்படி என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

ஏற்கெனவே இரண்டு முறை முயன்றிருக்கிறேன். முதலில் பேலியோ, அதாவது சோறு, இட்லி, சர்க்கரையை எல்லாம் விட்டுவிடுகிற உணவுமுறை. மூன்று வாரத்தில் 5 கிலோ இறங்கியது. நாலாவது வாரம் அப்படியே நின்றுவிட்டது. ஒரு வளைகாப்பில் சாம்பார் சாதம் சாப்பிட்டேன், மறுநாளே ஒரு கிலோ கூடியிருந்தது. அதோடு விட்டுவிட்டேன். இரண்டே மாதத்தில் 7 கிலோ ஏறியது. அப்புறம் ஜிம்மில் ஒரு வருடப் பணத்தைக் கட்டி, 19 நாள் போனேன். உனக்கு மனக்கட்டுப்பாடு கிடையாது என்கிறார்கள் வீட்டில். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

வீட்டில் ஐந்து பேர், சமையல் நான்தான். எல்லோரும் சாப்பிட்ட பிறகு நான் சாப்பிட மூன்று மணி ஆகிவிடும். உண்மையில் நான் அதிகம் சாப்பிடுவதே இல்லை. தை மாதம் தம்பிக்குக் கல்யாணம், இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் 15 கிலோ குறைக்க வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள தோழிக்கு,

மூன்று மணிக்குச் சாப்பிடுகிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்ற கேள்விக்கு என் பதில் அந்த வரிதான். அதற்கு முன்னால் மனக்கட்டுப்பாடு என்ற சொல்லைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டு நீங்கள் எதைத் தொடங்கினாலும் மூன்றாவது வாரம் அது உங்களைக் கீழே தள்ளிவிடும்.

சாப்பிடுகிற மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. கிளைகோஜன் என்பார்கள். மொத்தமாகப் பார்த்தால் ஏறக்குறைய அரை கிலோ. அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு, இட்லி, சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால் முதலில் தீர்வது இந்தச் சேமிப்பும் அதோடு இருக்கிற தண்ணீரும்தான். உங்களுக்கு இறங்கிய 5 கிலோவில் கணிசமான பங்கு அது. நாலாவது வாரம் எடை மெஷின் அப்படியே நின்றது என்கிறீர்களே, தண்ணீர் போய் முடிந்து, கொழுப்பு மட்டும் மெதுவாகக் கரைகிற கட்டம் அப்போதுதான் வந்திருக்கிறது. வளைகாப்புக்கு மறுநாள் கூடிய ஒரு கிலோவும் பெரும்பாலும் தண்ணீர். ஒரு தட்டு சாம்பார் சாதத்தால் ஒரே இரவில் ஒரு கிலோ கொழுப்பு ஏற முடியாது. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7700 கலோரி. இதை யாராவது அன்று உங்களுக்குச் சொல்லியிருந்தால் நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள் என்று உறுதியாக நம்புகிறேன். பேலியோவால் நல்ல பலன் கண்டவர்களை எனக்குத் தெரியும், அந்த உணவுமுறையை நான் குறை சொல்லவில்லை. நடுவில் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லாமல் உங்களை அதில் இறக்கிவிட்டதுதான் தவறு.

இப்போது 15 கிலோவுக்கு வருவோம். 15 கிலோ கொழுப்பு என்றால் 1,15,500 கலோரி. 90 நாளில் அது கரைய வேண்டுமானால் நாளொன்றுக்கு 1280 கலோரிக்கு மேல் குறைக்க வேண்டும். உங்கள் வயதுக்கும் உயரத்துக்கும் எடைக்கும் ஒரு நாள் செலவே ஏறக்குறைய 2000 கலோரிதான். அப்படியானால் மிச்சம் 700. ஐந்து பேருக்குச் சமைத்து, துணி துவைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, 700 கலோரியில் மூன்று மாதம் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் ஓர் ஆய்வு நடந்தது. ஆன்செல் கீஸ் என்ற அறிவியலாளர் நடத்தியது. போருக்குப் போக மனசாட்சி இடம் கொடுக்காத 36 இளைஞர்கள், பசியில் வாடுகிற மக்களுக்கு உதவும் என்று நம்பி தாங்களாக முன்வந்து அதில் சேர்ந்தார்கள். ஆரோக்கியமானவர்கள், கொள்கைப் பிடிப்பு உள்ளவர்கள். 24 வாரம், நாளொன்றுக்கு ஏறக்குறைய 1600 கலோரி, கூடவே நிறைய நடை. சில வாரங்களிலேயே அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தார்கள். ஆய்வு முடிந்து கட்டுப்பாடு விலகியதும் எவ்வளவு சாப்பிட்டும் வயிறு நிறையாதவர்களாகச் சிலர் இருந்தார்கள். கொள்கைக்காகச் சமூகத்தின் ஏச்சைத் தாங்கிக்கொண்டவர்களுக்கா மனக்கட்டுப்பாடு இல்லை? பசித்த உடல் அப்படித்தான் நடந்துகொள்ளும். நீங்கள் போட்டிருக்கிற கணக்கோ அவர்களுக்குக் கிடைத்ததில் பாதிகூட இல்லை.

நானும் 46 வயதில் இதைச் செய்தேன். கஞ்சியும் ஜூஸுமாக இரண்டு மாதம் இருந்து 9 கிலோ குறைத்தேன். மூன்றாவது மாதம் தலை வாரினால் சீப்பு நிறைய முடி வந்தது. ஆறாவது மாதம் வலது விலாவுக்குக் கீழே வலி, ஸ்கேனில் பித்தப்பைக் கல். வேகமாக எடை இறங்கும்போது கல் உண்டாகும் வாய்ப்பு கூடும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இறங்கிய 9 கிலோ 11 ஆகத் திரும்பி வந்தது. பிறகு இரண்டு வருடம் எடுத்துக்கொண்டு, மெதுவாக இறக்கிய எடைதான் இன்று வரை திரும்பி ஏறாமல் இருக்கிறது.

அதனால் உங்கள் இலக்கை மாற்றச் சொல்கிறேன். ஆறு மாதத்தில் 4 முதல் 5 கிலோ. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் சர்க்கரையின் எல்லையில் நிற்கிற உங்களுக்கு அந்த 5 கிலோவே பெரிய வித்தியாசத்தைக் கொடுக்கும்.

சரி, அந்த மூன்று மணிச் சாப்பாட்டுக்கு வருகிறேன்.

காலையில் எல்லோருக்கும் இட்லி ஊற்றிக் கொடுத்துவிட்டு, நின்றுகொண்டே பிள்ளைகள் தட்டில் வைத்த இரண்டு துண்டை வாயில் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அது சாப்பாட்டுக் கணக்கில் வராது. பதினோரு மணிக்கு ஒரு டீ. மூன்று மணிக்கு அடுப்படியில் உட்காரும்போது என்ன மிச்சம் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சோறு இருக்கும், குழம்பு இருக்கும். பொரியல் சட்டியின் அடியில் ஒரு கரண்டி. முட்டையும் மீனும் பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் போயிருக்கும். கூட்டு தீர்ந்திருக்கும். கொட்ட மனம் வராமல் மிச்சச் சோற்றையும் நீங்களே போட்டுக்கொள்வீர்கள். காயும் பருப்பும் இல்லாத சோறு வயிற்றில் நெடுநேரம் நிற்காது. ஆறு மணிக்குப் பசி எடுக்கும், அப்போது கைக்கு எட்டுவது மிக்சர் டப்பா. அதிகம் சாப்பிடுவதே இல்லை என்று நீங்கள் எழுதியது பொய் இல்லை. உட்கார்ந்து, பரிமாறிக்கொண்டு சாப்பிட்ட நினைவு உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான். என் அம்மா அப்படிச் சாப்பிட்டார். நானும் இருபது வருடம் அப்படித்தான் சாப்பிட்டேன். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 40 பேர் கூடுதல் எடையோடு இருக்கிறார்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இவர்களில் எத்தனை பேர் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர்கள் என்று யாராவது கணக்கெடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதல் மாதம் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சமையல் முடிந்ததும், மற்றவர்களுக்குப் பரிமாறுவதற்கு முன்னால், உங்களுக்கு ஒரு தட்டு எடுத்து வையுங்கள். தட்டில் பாதி காய். கால்வாசி பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ. மிச்ச கால்வாசி சோறு. சோற்றை விட வேண்டாம், காவிரிக் கரையில் இருந்துகொண்டு சோற்றை விட்டு எத்தனை நாள் இருப்பீர்கள்? வெந்த சோறு 100 கிராமில் 130 கலோரி, அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. அந்தத் தட்டை ஒன்றரை மணிக்குள் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வீட்டில் முதல் வாரம் ஒரு மாதிரி பார்ப்பார்கள். மாமியாருக்குச் சங்கடமாக இருந்தால் அவரையும் உங்களோடு உட்காரச் சொல்லுங்கள். மீந்த சோற்றைத் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் பழைய சோறாக எல்லோருக்கும் பங்கு போகட்டும்.

இரண்டாவது மாதம் எண்ணெய். மளிகைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஐந்து பேருக்கு மாதம் 5 லிட்டர் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மில்லி, ஏறக்குறைய 270 கலோரி. அதைப் பாதியாக்கினால் மிஞ்சுவது, உங்கள் எடைக்கு அரை மணி நேரம் நடந்தால் எரிகிற அளவு. கேனிலிருந்து நேராகச் சட்டியில் சாய்க்காமல் கரண்டியால் அளந்து விடுவதே பெரிய மாற்றம். டீயில் சர்க்கரையை வாரம் கால் ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நாக்கு பழகிவிடும்.

நடை பற்றி ஒரு சென்னை ஆய்வைச் சொல்ல வேண்டும். டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து, 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைப் பிரித்து மூன்று வருடம் கவனித்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. தினமும் அரை மணி நேரம் நடக்கவும், மாவுச்சத்தையும் கொழுப்பையும் குறைக்கவும் வழிகாட்டப்பட்டவர்களில் 100க்கு 39 பேருக்கு வந்தது. இதில் என்னை நிமிர வைத்த செய்தி இன்னொன்று. பலன் பெற்ற அந்தப் பிரிவில் எடை பெரிதாகக் குறையவில்லை. எடை மெஷின் ஒன்றும் காட்டாத அந்த மாதங்களிலும் உள்ளே ஏதோ சரியாகிக்கொண்டு இருந்திருக்கிறது. மெஷின் நின்றதும் விட்டுவிட்டேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

ஆகவே ஜிம்மில் கட்டிய பணத்தை மறந்துவிடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் 10 நிமிடம், மூன்று வேளையும். மொட்டை மாடியோ தெருவோ எதுவானாலும் சரி. சாப்பாட்டுக்குப் பின் நடக்கும்போது தசைகள் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும், அதனால் உங்களுக்கு இரட்டைப் பலன். ஒரு மாதம் கழித்து நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவதைப் பத்துப் பத்தாக இரண்டு முறை செய்யுங்கள். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போகும், அதைக் காப்பாற்ற இந்த மாதிரிப் பயிற்சி வேண்டும்.

எடையை வாரம் ஒரு நாள், காலையில் கழிப்பறை போய் வந்ததும் பாருங்கள். மாதவிடாய்க்கு முன் ஒன்றிரண்டு கிலோ கூடக் காட்டலாம், அதுவும் தண்ணீர்தான். மெஷினைவிட இன்ச் டேப்பை நம்புங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே, வயிற்றை இழுக்காமல், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். நம் பெண்களுக்கு 80 செ.மீ. வரை நல்லது. உங்கள் அளவு எவ்வளவு இருந்தாலும் மாதம் ஒரு செ.மீ. இறங்கினால் சரியான வழியில் போகிறீர்கள்.

ஒருமுறை தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்துச் சராசரி சர்க்கரையை மறுபடி பாருங்கள். அந்த டாக்டரிடம் போகும்போது கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், பதில் வரும் வரை எழுந்திருக்க வேண்டாம். இதைப் படிக்கிற வேறு யாராவது சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருந்தால், டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். சர்க்கரை ஒரேயடியாக இறங்கி மயக்கம் வரலாம்.

அப்புறம், தம்பி கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுத்திருப்பீர்கள். குறைந்த பிறகு தைத்துக்கொள்ளலாம் என்று ரவிக்கைத் துணியைப் பீரோவில் வைத்திருப்பீர்கள் என்பது என் யூகம். இந்த வாரமே தையல்காரரிடம் கொடுத்து, இன்றைய அளவுக்கே தைக்கச் சொல்லுங்கள். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் போட்டுப் பாருங்கள். தளர்வாக இருந்தால் இரண்டு பக்கமும் ஒரு தையல் பிடித்தால் போதும், அரை மணி நேர வேலை.

அன்புடன்,
அக்கா