ஆகன் நகருக்குப் படிக்கச் செல்லும் மகளின் தாயாருக்கு

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். முதுகலைப் படிப்புக்காக அக்டோபரில் ஜெர்மனியின் ஆகன் நகருக்குப் புறப்படும் உங்கள் மகளைக் குறித்து இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள்: இரவில் தனியாக வந்துபோக அந்த ஊர் பாதுகாப்பானதா, அங்குள்ளவர்கள் மனம் கோணாமல் அவள் எப்படி நடந்துகொள்ள வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க விரும்புகிறேன். ஏனெனில், நான் அனுப்பிவைத்த பிள்ளைகள் இருட்டுத் தெருக்களில் மாட்டிக்கொண்டது அரிது. வாடகை அறையாலும், பிரிக்காமல் கிடந்த கடிதங்களாலும், அடுத்த அறைக்காரரோடு வந்த மனக்கசப்பாலும் பட்ட சிரமமே அதிகம்.

முதல் கண்டம் அறை தேடுவது. மாணவர் விடுதிகளில் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருப்பதால், சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பித்துவிட வேண்டும். அதற்குள் பதறிப்போய், "வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார், சாவி தபாலில் வரும், முன்பணத்தை மட்டும் இன்றே அனுப்பிவிடுங்கள்" என்று அழகான படங்களோடு வரும் விளம்பரங்களுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். முன்பணம், மின்சாரம், வெப்பமூட்டல் போன்ற செலவுகள் சேராத வாடகையில் மூன்று மாதத் தொகையைத் தாண்டக் கூடாது என்பதும், அதை மாதத்துக்கு ஒன்றாக மூன்று தவணைகளில் கொடுக்கலாம் என்பதும் அந்நாட்டுச் சட்டம். குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிச்சான்று வேண்டும். ஆகவே "இங்கே தங்கலாம், பதிவு மட்டும் செய்ய முடியாது" என்று சொல்லும் வீடு எத்தனை மலிவாக இருந்தாலும் நமக்கு வேண்டாம்.

விசாவுக்காகத் திறக்கும் முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவுக்காக நீங்கள் போட்டுவைக்கும் 11,904 யூரோவில் மாதந்தோறும் 992 யூரோதான் அவள் கைக்கு வரும். அது போதாமல் கை இறுகும் நாட்களில், "உன் வங்கிக் கணக்கில் பணம் வரும், வேறொருவருக்கு மாற்றிவிடு, கமிஷன் தருகிறோம்" என்று கைப்பேசியில் யாராவது அழைக்கக்கூடும். அது கள்ளப் பணம் கைமாறும் வழி. வழக்கு கணக்கு வைத்திருப்பவர் மீது பாயும். இதை ஒருமுறைக்கு இருமுறை அவளிடம் சொல்லுங்கள்.

ஜெர்மானிய அலுவலகங்கள் இன்னமும் காகிதத்தில்தான் பேசுகின்றன. அஞ்சல் பெட்டியில் அவள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். அதை நாள்தோறும் திறக்க வேண்டும். தொலைக்காட்சியே இல்லாத வீட்டுக்கும் மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். பலர் சேர்ந்து குடியிருந்தால் ஒருவர் கட்டினால் போதும், ஆனால் மற்றவர்கள் அதைத் தெரிவித்துப் பதில் எழுத வேண்டும். மஞ்சள் உறையில் வருவது சட்டப்படியான அறிவிப்பு. பெட்டியில் போட்ட நாளிலிருந்தே கெடு ஓடத் தொடங்கிவிடும் என்பதால், மொழி புரியவில்லை என்று ஓரமாக வைத்துவிடக் கூடாது.

அண்டை அயலார் விஷயத்துக்கு வருகிறேன். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையும், ஞாயிறு முழுவதும் அமைதி காப்பது அங்கே வழக்கம். கண்ணாடிப் புட்டிகளைக் குப்பைத் தொட்டியில் போடும் சத்தத்தைக்கூட ஞாயிறன்று தவிர்ப்பார்கள். என்னிடம் ஆலோசனை பெற்றுச் சென்ற ஒரு மாணவன் டிசம்பர் இரவு 11 மணிக்கு ரசத்துக்குக் காய்ந்த மிளகாய் தாளித்தபோது புகை எச்சரிக்கைக் கருவி அலறி, தீயணைப்பு வண்டி வந்து, மாடியில் இருந்த அத்தனை பேரும் செருப்போடு பனியில் நின்றார்கள். மறுநாள் அவன் ஒவ்வொரு கதவாகத் தட்டி மன்னிப்புக் கேட்டான். கேட்டிராவிட்டால் அந்த மாடியில் ஒருவரும் அவனிடம் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். குளிர்காலத்திலும் சன்னலை அகலத் திறந்து சில நிமிடம் காற்றோட்டம் விடச் சொல்லுங்கள். சுவரில் பூஞ்சணம் பிடித்தால் வீட்டுக்காரர் முன்பணத்தில் கைவைப்பார். நீங்களும் ஒன்று செய்ய வேண்டும்: இங்கே காலை 7 மணிக்குக் காபியோடு நீங்கள் அழைத்தால் அங்கே கோடையில் விடியற்காலை 3.30, குளிர்காலத்தில் 2.30. விடுதிச் சுவர்கள் மெல்லியவை.

பெட்டி கட்டும்போது பூசைப் பொருள்களை ஒருமுறை பாருங்கள். ஸ்வஸ்திகம் நமக்கு மங்கலச் சின்னம். ஜெர்மனியில் அது நாஜிகளின் சின்னமாகவே கண்ணில் படும், அதைப் பொதுவெளியில் காட்டுவது குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவின் கீழ் மூன்றாண்டு வரை சிறைக்குரியது. சமய வழிபாட்டில் அதற்குள்ள பொருள் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் அதை வாசற்கதவில் நின்று விளக்கும் நிலை அவளுக்கு எதற்கு? துணிப்பை, கதவு ஸ்டிக்கர், நாட்காட்டி ஆகியவற்றில் அது இருந்தால் இங்கேயே வைத்துவிடுங்கள். அதேபோல் பூங்காவில் விளையாடும் பிள்ளைகளை, பார்க்க எத்தனை அழகாக இருந்தாலும், பெற்றோரைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

தெருவைப் பற்றிய உங்கள் அச்சத்தையும் ஒதுக்கவில்லை. காவல்துறைக்கு 110, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 112, உயிராபத்து இல்லாத இரவுக் காய்ச்சலுக்கு 116117 ஆகிய எண்கள் அவளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும். ஆகன் எல்லை ஊர். மாலை உலாவாக நடந்தாலே நெதர்லாந்தின் வால்ஸ் ஊருக்குள் போய்விடலாம் என்பதால், அந்தப் பக்கம் போகும்போது பாஸ்போர்ட்டும் விசாவும் பையில் இருக்க வேண்டும். அவை தொலைந்தால் அணுக வேண்டியது பிராங்க்ஃபர்ட்டிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தை. அவற்றின் நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும்.

கோயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆகன் இருக்கும் அதே மாநிலத்தின் ஹம் நகரில் ஈழத் தமிழர்கள் எழுப்பி 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயம் இருக்கிறது. காலையில் ரயிலேறினால் இரவுக்குள் திரும்பிவிடலாம்.

சனிக்கிழமை மகளையும் அழைத்து வாருங்கள். வாடகை ஒப்பந்தம் எதுவும் வந்திருந்தால், கையெழுத்திடாமல் அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள்.