நீச்சல் தெரியாத பிள்ளைக்குக் கடல் வேலையா? நோர்வூட் தாயொருவருக்குப் பதில்

அன்புள்ள தங்கச்சிக்கு,

சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு, கடலில் நிற்கும் காற்றாலைகளுக்கு மின் இணைப்புத் திட்டமிடும் வேலைக்குத்தான் படிப்பேன் என்று மகள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "மலையில் பிறந்த பிள்ளை, நீச்சல்கூடத் தெரியாது" என்ற வரியைத் தாண்ட எனக்கு நேரம் பிடித்தது.

முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். படகில் போய்க் கோபுரத்தில் ஏறிப் பழுது பார்ப்பவர்கள் வேறு ஆட்கள். உங்கள் மகள் கேட்கும் வேலை பெரும்பாலும் மேசையில் நடப்பது. கேபிள் எந்த இடத்தில் கரையேற வேண்டும், எந்தத் துணை மின்நிலையத்தில் இடம் இருக்கிறது, ஒரு வழி அறுந்தால் மற்ற வழிகள் சுமையைத் தாங்குமா என்று கணினியில் மாதக்கணக்காகக் கணக்குப் போட வேண்டும். கடற்கரைக்குப் போவாள், மீனவர்களோடும் பேசுவாள். நீந்த வேண்டியதில்லை.

மலையில் பிறந்தவளுக்கு இது அந்நியமான வேலையும் அல்ல. மழைத் தூறலில் மலைமேல் போகும் உயரழுத்தக் கம்பிகளின் கீழே நின்றால் 'உஸ்' என்று ஓர் இரைச்சல் கேட்குமே, உங்கள் மகள் அதைக் கேட்டு வளர்ந்தவள். கம்பியைச் சுற்றியுள்ள ஈரக் காற்றில் மின்சாரம் கசிகிற ஓசை அது. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இலேயே நம் மலையாறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்கோடு எழுதிக் காட்டினார். லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். இடையில் முப்பது வருடத்துக்கு மேல் போய்விட்டது. அதற்குப் பிறகும் நான் பிறந்த தோட்டத்து லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கில்தான் படித்தோம். கம்பி எங்கள் தலைக்கு மேலே கொழும்புக்குப் போனது. எந்தக் கம்பி எங்கே போக வேண்டும் என்று தீர்மானிக்கும் மேசையில் நம் பிள்ளை ஒருத்தி உட்காருவதை நான் மனதார விரும்புகிறேன்.

இனி அந்த வேலையின் உள்ளே கொஞ்சம் பார்ப்போம். அவளும் பக்கத்தில் இருந்தால் இதை வாசிக்கச் சொல்லுங்கள். கடலடிக் கேபிளைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் நடுவில் மூன்று உலோகக் கடத்திகள், ஒவ்வொன்றையும் சுற்றித் தடித்த காவலி, அதன்மேல் உலோக உறை, எல்லாவற்றையும் சேர்த்து வெளியே உருக்குக் கம்பிக் கவசம். கடத்தி, காவலி, மறுபடி உலோகம். உயர்தரப் பௌதிகவியலில் வரும், மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் கொள்ளளவியும் இதேதான்! கோபுரத்துக் கம்பிகளுக்கு இடையில் காற்றும் தூரமும் இருப்பதால் அங்கே இது பெரிய தொல்லை இல்லை. கடலடியிலோ செக்கனுக்கு 50 சுற்றுப் போட்டுத் திசை மாறும் ஆடலோட்டம் (ஏசி) ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கொள்ளளவியை நிரப்பி வெறுமையாக்க வேண்டும். கேபிள் நீள நீள, அது சுமக்கக்கூடிய ஓட்டத்தில் பெரும்பங்கை அதன் வயிறே விழுங்கிவிடும். இங்கிலாந்தின் ஹோர்ன்சீ-1 என்ற கடல் காற்றாலைத் திடலுக்கு இதற்காகவே கரைக்கும் திடலுக்கும் நடுவில், கடலிலேயே, கேபிள் விழுங்கும் ஓட்டத்தை ஈடுசெய்யும் நிலையம் ஒன்றைக் கட்டினார்கள். இன்னும் பெரிய டொகர் பாங்க் திடலிலோ திசை மாறாத நேரோட்டமாக (டிசி) மாற்றிக் கரைக்குக் கொண்டுவரும் வழியைத் தேர்ந்தார்கள். எது மலிவு, எது நம்பகம் என்று பார்க்கும் இந்தத் தேர்வுதான் அவள் சொன்ன வேலை.

கணக்குப் பிசகினால் என்ன நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 2019 ஓகஸ்ட் 9இல் இங்கிலாந்தில் ஒரு மின்வழியில் இடி விழுந்தது. வழமையாகத் தாங்கிக்கொள்ள வேண்டிய அதிர்ச்சிதான். ஆனால் ஹோர்ன்சீ-1 திடலின் கட்டுப்பாட்டு முறை தடுமாறி உற்பத்தி சரிந்தது. வேறொரு மின்நிலையமும் விழ, பத்து இலட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் இருளில் மூழ்கினார்கள். நம் நாட்டிலும் 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு முழுத் தீவையும் அணைத்தது. அன்று மின்சாரத் தேவை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம். சுழலும் கனத்த இயந்திரங்கள் குறைவாக ஓடியதால் மீடிறனை, அதாவது அந்தச் செக்கனுக்கு 50 சுற்றை, தாங்கிப் பிடிக்கும் சடத்துவம் (சுழற்சியின் கனம்) போதவில்லை. காற்றும் வெயிலும் பெருகப் பெருக இந்த வேலைக்கு ஆள் தேவை கூடுமே தவிரக் குறையாது.

ஆனால் உண்மையை மறைக்க மாட்டேன். இலங்கைக் கடலுக்குள் இன்று ஒரு காற்றாலையும் இல்லை. மன்னார்த் தீவில் சுழலும் தம்பபவனியின் 30 காற்றாலைகளும், மொத்தம் 103.5 மெகாவாட், கரையில் நிற்பவை. ஆகவே 'கடல் காற்றாலைப் படிப்பு' என்று எதையும் தேடிப் போக வேண்டாம். என்னிடம் வந்த ஒரு பையனின் அப்பா, வெளிநாட்டில் காற்றாலை வேலை உறுதி என்ற பேச்சை நம்பி, ஆறு மாதப் பயிற்சி ஒன்றுக்கு நகையை அடகு வைத்தார். சான்றிதழ் வந்தது, வேலை வரவில்லை. உங்கள் மகள் படிக்க வேண்டியது மின் பொறியியல். அது கையில் இருந்தால் நீர், சூரியன், காற்று எதன் பக்கமும் திரும்பலாம்.

அதற்கு உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். நம் பக்கத்தில் இதுதான் உண்மையான மலையேற்றம். பாடசாலையின் பெயரைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். நேரில் போய், இந்த மூன்று பாடத்துக்கும் இப்போது தமிழில் ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஹட்டனில் கிடைக்காவிட்டால் கண்டியோ பதுளையோ போக வேண்டி வரும். விடுதிச் செலவை இப்போதே கணக்கிட்டு வையுங்கள். நுவரெலியா கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்றாகக் கணிக்கப்படுவதால் பல்கலைக்கழக அனுமதியில் அதற்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. பேராதனை, மொரட்டுவை, கிளிநொச்சியில் இயங்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் ஆகியவற்றில் மின் பொறியியல் இருக்கிறது. அரச பல்கலைக்கழகங்களில் கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி போதாமல் போனால் திறந்த பல்கலைக்கழகமும் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தேசிய தொழில்நுட்ப டிப்ளோமாவும் இருக்கின்றன. பொறியியல் விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடப்பதால், இன்றிலிருந்து நாளுக்கு ஒரு பக்கம் ஆங்கிலத்தில் வாசிக்கட்டும்.

பெண்பிள்ளையைத் தூரத்தில் விடுவது பற்றி உங்கள் அண்ணன் சொன்னதையும் எழுதியிருந்தீர்கள். அவரையும் கூட்டிக்கொண்டு, தோட்டத்தில் வேலைக்குப் பெயர் போடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்கு வாருங்கள். மகளின் கணிதக் கொப்பிகளை மறக்காமல் எடுத்து வரச் சொல்லுங்கள். சரி போட்ட பக்கங்கள் எனக்கு வேண்டாம். பிழைத்து, வெட்டி, மறுபடி செய்து பார்த்த பக்கங்களைத்தான் நான் பார்க்க வேண்டும்.